எல்லா செக்கும் ஒரு ராஜாவுக்கு வைத்ததுதான்

போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன்: செஸ்ஸில் வைக்கிற செக்கும், வங்கியில் போடுகிற செக்கும், சட்டையில் இருக்கிற செக்கும் ஒரே சொல் என்று. அதைப் பிடித்துக்கொண்டு வந்த கேள்விகளுக்காகவே இந்த முறை பகுதி முழுவதையும் ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: நான் ஜவுளி ஏற்றுமதி கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். காலையில் செக் துணியை செக் பண்ணுகிறேன், மதியம் பார்ட்டி கொடுத்த செக்கை வங்கியில் போடுகிறேன், வீட்டுக்கு வந்தால் மகள் செஸ் போர்டில் எனக்கு செக் வைக்கிறாள். இத்தனையும் எப்படி ஒரே சொல்லாக இருக்க முடியும்? (வாசகர், கரூர்)

ஒரே சொல்தான். அதிலும் உங்கள் மகள் வைக்கிறாளே, அந்த செக்தான் தாய். மற்றதெல்லாம் அதன் வயிற்றில் பிறந்தவை.

பாரசீக மொழியில் ஷா என்றால் அரசன். வட இந்தியாவில் ஆடிய சதுரங்கம் ஆறாம் நூற்றாண்டு வாக்கில் பாரசீகத்துக்குப் போனது. அங்கே அதற்குப் பெயர் சத்ரங். அடுத்த நூற்றாண்டில் அரபுகள் பாரசீகத்தைப் பிடித்தபோது இந்த ஆட்டத்தையும் எடுத்துக்கொண்டார்கள், அவர்கள் வாயில் அது ஷத்ரஞ்ச் ஆகி, ஸ்பெயின் வழியாகவும் சிசிலி வழியாகவும் ஐரோப்பாவுக்குள் நுழைந்தது. எதிராளியின் ராஜாவைத் தாக்கும்படி ஒரு காயை வைத்தால் 'ஷா' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். 'உன் ராஜாவைப் பார்த்துக்கோ' என்று அர்த்தம். திண்ணையில் உட்கார்ந்து ஆடும்போது 'ராஜாவுக்கு செக்' என்று நாம் குரல் கொடுக்கிறோமே, அதே வழக்கம்தான். இந்த ஷா லத்தீனில் ஸ்காக்கஸ் ஆகி, பழைய பிரெஞ்சில் எஸ்செக் ஆகி, 14-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் செக் என்று வந்து நிற்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் அந்த எஸ்செக்கைப் பன்மையில் சொன்னதுதான் செஸ் என்ற பெயர். ஆக, வேரைப் பார்த்தால் செஸ் என்றால் 'ராஜாக்கள்'. 'ராஜாவுக்கு செக்' என்றால் 'ராஜாவுக்கு ராஜா'!

சரி, ராஜா எப்படித் துணிக்கும் தாளுக்கும் போனார்? இதைப் பிடிக்க ஒரே வழி, பலகையில் செக் விழுந்ததும் என்ன நடக்கிறது என்று பார்ப்பது. நீங்கள் பத்து நகர்த்தல் முன்னாலிருந்து திட்டம் போட்டு, அடுத்த கையில் எதிராளியின் ராணியை எடுக்கப் போகிறீர்கள். அப்போது செக் விழுகிறது. எல்லாம் அப்படியே நிற்கிறது. ராணியை எடுக்க முடியாது, தாக்க முடியாது, முதலில் ராஜாவைக் காப்பாற்ற வேண்டும். ஓடிக்கொண்டிருந்தது சட்டென்று நின்றுபோவது என்ற இந்த அனுபவத்தைத்தான் ஆங்கிலம் பலகையிலிருந்து வெளியே எடுத்துக்கொண்டு போனது. செக் என்றால் திடீர்த் தடை என்ற பொருள் அந்த 14-ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. வேட்டைக்கு விட்ட வல்லூறு குறித்த பறவையை விட்டுவிட்டு வேறொன்றின் பின்னால் திரும்பினால் அதையும் செக் என்றார்கள். கிரிக்கெட்டில் வேகமாக மட்டையை வீச ஆரம்பித்தவர் பாதியில் அடக்கிக்கொண்டால் 'ஷாட்டை செக் பண்ணிட்டார்' என்று வர்ணனையில் சொல்கிறார்களே, அதில் இருப்பதும் இந்தத் தடைதான். ஓடை நீரை மறித்துக் கட்டும் செக் டேமும் அப்படியே. அதற்குத் தமிழில் தடுப்பணை என்று யார் பெயர் வைத்தாரோ, அவருக்குச் சொல்லின் ஆழம் தெரிந்திருக்கிறது.

தடை என்பதிலிருந்து சரிபார்ப்பது என்ற பொருள் பிறந்தது 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில். இந்தத் தாவல் பலருக்கும் குழப்பம் தருகிறது, எனக்கும் ரொம்ப நாள் தந்தது. ஒரு செக் போஸ்ட்டை நினைத்துப் பாருங்கள். குறுக்கே கம்பு இறங்கியிருக்கிறது, லாரி நிற்கிறது, டிரைவர் இறங்கிப் போய் ஆர்.சி. புத்தகத்தையும் பில்லையும் நீட்டுகிறார், உள்ளே இருப்பவர் வண்டி எண்ணையும் தாளில் இருக்கும் எண்ணையும் ஒத்துப் பார்க்கிறார். நிறுத்துவதும் பார்ப்பதும் ஒரே இடத்தில், ஒரே நிமிடத்தில் நடக்கிறது. தப்பு மேலே போகாமல் தடுக்க வேண்டுமானால் நிறுத்திப் பார்த்தாக வேண்டும். அப்படி முதல் வேலையின் பெயர் இரண்டாவது வேலைக்கும் ஒட்டிக்கொண்டது. செக்கப், செக்கிங், டிக்கெட் செக்கர் எல்லாம் இந்தக் கிளை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் பத்திரிகைகளில் 'எதிரணிக்கு செக் வைத்த தலைவர்' என்று தலைப்பு வருகிறது. ஆங்கிலத்தில் செக் 'பண்ணுவார்கள்', தமிழில் நாம் செக் 'வைக்கிறோம்', காயை வைப்பது போல. பழைய பொருளை இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறோம் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

கேள்வி: பிரிட்டனில் நிதியமைச்சரை எக்ஸ்செக்கர் சான்சலர் என்கிறார்கள். அந்த 'செக்கர்' இதுதானா? நிதிக்கும் சதுரங்கத்துக்கும் என்ன சம்பந்தம்? (கல்லூரி மாணவி, மதுரை)

இதுவேதான். உங்கள் கேள்வியில்தான் கரூர்க்காரரின் துணிக்கும் பதில் இருக்கிறது.

12-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஷெரீஃப் என்ற அதிகாரி ராஜாவுக்காக வரி வசூலிப்பார், வருடத்துக்கு இரண்டு தடவை, ஈஸ்டருக்கும் செப்டம்பர் கடைசியில் வரும் மைக்கேல்மஸ் திருநாளுக்கும், வந்து கணக்கு ஒப்படைக்க வேண்டும். அந்த ஒப்படைப்பு எப்படி நடந்தது என்று ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் என்ற அரச பொக்கிஷ அதிகாரி 1170-களில் விவரமாக எழுதி வைத்திருக்கிறார். 10 அடி நீளம், 5 அடி அகலத்தில் ஒரு மேஜை. வைத்த காய் கீழே விழாமல் இருக்கச் சுற்றிலும் நாலு விரல் உயரத்துக்கு விளிம்பு. மேலே கோடு போட்ட கறுப்புத் துணி. கோடுகளுக்கு நடுவே உள்ள பத்திகளில் ஒன்று பென்ஸுக்கு, அடுத்தது ஷில்லிங்குக்கு, அடுத்தது பவுனுக்கு, அப்புறம் இருபது பவுன், நூறு, ஆயிரம் என்று போகும். ஷெரீஃப் கட்ட வேண்டிய தொகைக்கு ஒரு வரிசையில் காய்களை வைப்பார்கள், கட்டிய தொகைக்குக் கீழே இன்னொரு வரிசையில் வைப்பார்கள், இரண்டையும் கழித்தால் பாக்கி கண்ணுக்கு முன்னால் கிடக்கும். அந்தக் காலத்தில் அங்கே ரோமன் எண்கள்தான் புழக்கம், அவற்றைத் தாளில் கூட்டிக் கழிப்பது பெரிய பாடு, பென்ஸ் 12 சேர்ந்தால் ஒரு ஷில்லிங், ஷில்லிங் 20 சேர்ந்தால் ஒரு பவுன் என்ற கணக்கு வேறு. அதனால் காய்களை நகர்த்தி எண்ணினார்கள்.

கட்டம் போட்ட மேஜை, நகரும் காய்கள், எதிரெதிரே இரண்டு பேர். பார்த்தவர்களுக்குச் சதுரங்கம்தான் ஞாபகம் வந்தது. சதுரங்கப் பலகைக்கு லத்தீனில் ஸ்காக்காரியம் என்று பெயர், அதுவே மேஜைக்கும் பெயராகி, மேஜையிலிருந்து அந்த அலுவலகத்துக்கும் பெயராகி, பிரெஞ்சு வழியாக எக்ஸ்செக்கர் ஆனது. பலகையில் இரண்டு ராஜாக்கள் மோதுவது போல இங்கே பொக்கிஷ அதிகாரியும் ஷெரீஃபும் மோதுகிறார்கள் என்று ஃபிட்ஸ்நீலே எழுதுகிறார். ராஜா என்ற சொல் ஆட்டத்துக்குப் பெயராகி, பலகைக்குப் பெயராகி, கடைசியில் ராஜாவின் கஜானாவுக்கே பெயராக வந்து சேர்ந்தது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது.

பலகைக்குப் பெயர் செக்கர் என்றானதும் பலகை மாதிரி கட்டம் போட்டதெல்லாம் செக்கர், சுருக்கமாக செக். கரூர் நண்பரே, உங்கள் கையில் இருக்கும் கட்டம் போட்ட துணி இந்த வழியாக வந்ததுதான். மெட்ராஸ் பெயரில் உலகம் சுற்றிய கட்டத் துணியையும் சொல்லாமல் விட முடியாது. சோழமண்டலக் கரையில் நெய்த கட்டம் போட்ட கைத்தறித் துணி நூற்றாண்டுகளாக மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போயிருக்கிறது. நைஜீரியாவின் நைஜர் கழிமுகப் பகுதியில் வாழும் கலபாரி மக்கள் அதை இன்ஜிரி என்று அழைக்கிறார்கள், சடங்குகளுக்குக் கட்டுகிறார்கள். அங்குள்ள பெண்கள் பிளேடால் சில இழைகளை மட்டும் அறுத்து உருவிவிட்டு, நம் கட்டத்துக்குள்ளேயே தங்கள் கோலத்தைக் கொண்டுவருகிறார்கள்.

கேள்வி: நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அமெரிக்கர்கள் காசோலையையும் சாதாரண செக் எழுத்துகளிலேயே எழுதுகிறார்கள், நாம் மட்டும் ஏன் கியூ போட்டு எழுதுகிறோம்? எது சரி? (வாசகி, மயிலாடுதுறை)

இரண்டும் சரி, ஆனால் பழையது அமெரிக்கர்களுடையது. கியூ பின்னால் சேர்ந்தது. அதற்கு முன்னால், உங்களைப் போல கவுண்டருக்குப் பின்னால் இருந்தவர்களுக்குத்தான் சட்டென்று புரியக்கூடிய ஒரு விஷயம்.

அந்தச் சொல் முதலில் பணம் கொடுக்கும் தாளைக் குறிக்கவே இல்லை. அடிக்கட்டையைக் குறித்தது. லண்டனில் 1659-இல் 400 பவுனுக்கு எழுதிய ஒரு காசோலை இன்றும் பத்திரமாக இருக்கிறது, ஆனால் அதை எழுதியவர் அதை செக் என்று அழைத்திருக்க மாட்டார், அந்தப் பெயர் வந்தது 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். தாளின் நடுவில் கொடி மாதிரி ஒரு வேலைப்பாட்டை அச்சடித்து அதன் குறுக்கே வெட்டுவார்கள், ஒரு பாதி வாடிக்கையாளரிடம், ஒரு பாதி வங்கியிடம். தாள் திரும்பி வரும்போது இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் கொடி ஒட்ட வேண்டும். ஒட்டவில்லையா, அது போலி, பணம் கிடையாது. மோசடியைத் தடுக்கிற, சரிபார்க்கிற அந்தப் பாதிதான் செக். பிறகு அந்தப் பெயர் ஜோடியில் இருந்த இன்னொரு தாளுக்குத் தாவிவிட்டது.

அப்பாவின் பழைய செக் புத்தகத்தில் இடது பக்கம் விரற்கடை அகலத்தில் அடிக்கட்டை இருக்கும். யாருக்கு, எவ்வளவு, எதற்கு என்று அதில் முதலில் எழுதிவிட்டு, மை காய்ந்த பிறகுதான் வலது பக்கத்துக்கு வருவார். அவர் முதலில் எழுதிய அந்தத் துண்டுதான் அசல் செக் என்று தெரிய எனக்கு இத்தனை வருடம் ஆனது.

இப்படி இரண்டு பாதியாகப் பிளந்து ஒத்துப் பார்க்கும் பழக்கம் காசோலைக்கு ரொம்ப முந்தையது. மேலே சொன்ன எக்ஸ்செக்கரிலேயே ரசீது என்பது ஒரு மரக்குச்சி. ஆயிரம் பவுனுக்கு உள்ளங்கைத் தடிமனில் ஒரு வெட்டு, நூறு பவுனுக்குக் கட்டைவிரல் அளவு, இருபதுக்குச் சுண்டுவிரல் அளவு, ஒரு பவுனுக்கு விளைந்த வாற்கோதுமை மணி அளவு. வெட்டு விழுந்த பிறகு குச்சியை நீளவாக்கில் பிளந்து ஆளுக்குப் பாதி. ஒரு பாதியில் மட்டும் யாராலும் வெட்டைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. 19-ஆம் நூற்றாண்டில் இந்தக் குச்சிகளை வழக்கத்திலிருந்து எடுத்தபோது, மிச்சம் கிடந்தவற்றை 1834 அக்டோபர் 16-இல் நாடாளுமன்றத்தின் அடுப்புகளில் போட்டு எரித்தார்கள். அடுப்பு அளவுக்கு மீறிக் கனன்று நாடாளுமன்றக் கட்டடமே எரிந்துபோனது.

கியூவுக்கு வருகிறேன். ஒரே எழுத்தில் இத்தனை பொருள் என்றால் கணக்குப் புத்தகத்தில் குழப்பம் வருமல்லவா? அதனால் 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய வங்கிக்காரர்கள் எக்ஸ்செக்கரில் இருக்கும் கியூவைப் பார்த்துப் பணத்தாளுக்கு மட்டும் அப்படி எழுத ஆரம்பித்தார்கள். கில்பார்ட் என்ற வங்கியாளர் இந்தக் காரணத்தை வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார். நம் நாட்டில் 1881-ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டம் அந்த எழுத்தைத்தான் எடுத்துக்கொண்டது, நாமும் அதையே எழுதுகிறோம். அமெரிக்கா கியூ பக்கம் போகவே இல்லை.

கடைசியாக ஒன்று, இது உங்கள் துறை. 2021 ஜனவரி 1 முதல் ரிசர்வ் வங்கி பாசிட்டிவ் பே என்ற முறையைக் கொண்டுவந்திருக்கிறது. 50,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள காசோலைகளுக்கு, எழுதிக் கொடுத்தவரே தேதி, பெயர், தொகையைத் தனியாக வங்கிக்குத் தெரிவித்துவிடலாம், தாள் வந்ததும் இரண்டையும் ஒத்துப் பார்ப்பார்கள். மரக்குச்சியும் வெட்டிய கொடியும் செய்த அதே வேலை இப்போது மொபைலில் நடக்கிறது.

கேள்வி: இங்கே ஓட்டலில் சாப்பிட்டு முடித்ததும் பில் கேட்காமல் செக் கேட்கிறார்கள். விமான நிலையத்திலும் பையை செக் இன் பண்ணு என்கிறார்கள். பையைத் திறந்து பார்ப்பதால் அந்தப் பெயரா? (வாசகர், நியூ ஜெர்சி)

திறந்து பார்ப்பதால் வந்த பெயர் இல்லை. இதுவும் அடிக்கட்டையின் பிள்ளைதான். ஜோடியில் ஒரு பாதி என்பதிலிருந்து டோக்கன் என்ற பொருள் அமெரிக்காவில் பலமாக வேர்விட்டது. 19-ஆம் நூற்றாண்டு ரயில்களில் ஒரே எண் பொறித்த இரண்டு பித்தளை வில்லைகள் இருக்கும், ஒன்று பெட்டியில், ஒன்று பயணியின் கையில், இறங்கும் ஊரில் எண்ணை ஒத்துப் பார்த்துப் பெட்டியைத் தருவார்கள். அந்த வில்லைக்கு செக் என்று பெயர். உங்கள் பையில் ஒரு சீட்டை ஒட்டி, போர்டிங் பாஸில் அதன் துண்டை ஒட்டித் தருகிறார்களே, அதுவேதான். ஓட்டலில் நீங்கள் சாப்பிட்டதைக் குறித்த சீட்டும் இந்த வகை. பேஸ்பால் மழையில் நின்றுபோனால் இன்னொரு நாள் வந்து பார்க்கக் கொடுத்த துண்டுச்சீட்டு ரெயின் செக். விருந்துக்கு அழைத்தால் 'இன்னொரு நாள் வருகிறேன்' என்பதற்கு உங்கள் ஊரில் அந்தச் சொல்லைச் சொல்வது அதனால்தான்.

கேள்வி: எண்ணெய் ஆட்டும் செக்குக்கும் இதற்கும் உறவு உண்டா? செக் குடியரசு? (வாசகர், விருதுநகர்)

இரண்டுக்கும் இல்லை. நம் செக்கு அசல் திராவிடச் சொல், மலையாளத்தில் அது சக்கு. செக்குமாடும், கோவைச் சிறையில் வ.உ.சி. இழுத்த செக்கும் பாரசீக ராஜாவுக்குச் சொந்தமில்லை. செக் குடியரசின் பெயர் அந்த இன மக்கள் தங்களை அழைத்துக்கொள்ளும் பெயர், ஆங்கிலம் அதற்குப் போலந்து மொழியின் எழுத்துக்கூட்டலை எடுத்துக்கொண்டது. காதுக்கு மட்டும்தான் ஒற்றுமை.

கேள்வி: நான் பள்ளியில் தமிழ் படிப்பிக்கிறேன். செக் என்ற சொல்லுக்கு ஒரே தமிழ்ச் சொல் சொல்ல ஏலுமா? (ஆசிரியை, யாழ்ப்பாணம்)

ஏலாது, அது தேவையும் இல்லை டீச்சர். ஆங்கிலம் ஒரே பையில் போட்டு வைத்திருப்பதைத் தமிழ் தனித்தனியாக எடுத்து வைத்திருக்கிறது: தடுப்பணை, சோதனைச்சாவடி, சரிபார்ப்பு, கட்டம், காசோலை. கேட்டவுடனே எது என்று தெரிகிறது, பக்கத்தில் இருக்கும் சொல்லைப் பார்த்து ஊகிக்க வேண்டியதில்லை. காசோலையில் இருக்கும் ஓலை எனக்கு மிகவும் பிரியமானது, பனையோலையில் எழுதிய காலத்தை ஒரு வங்கித் தாள் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது.

உங்கள் பக்கத்தில் இன்னும் அழகான சொற்கள் வழக்கில் இருக்கின்றன. அரசு கஜானாவை நீங்கள் திறைசேரி என்கிறீர்கள், சிற்றரசர் கட்டும் திறை வந்து சேரும் இடம். எக்ஸ்செக்கருக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன சொல்ல முடியும்? நாங்கள் கோயிலில் காசு போடுவதோடு நிறுத்திக்கொண்ட உண்டியல் என்ற சொல், உங்களிடம் திறைசேரி உண்டியல் என்று அரசு வாங்கும் குறுகிய காலக் கடனுக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது. செட்டிநாட்டு வணிகர்கள் ஊர் விட்டு ஊர் பணம் அனுப்ப எழுதிக் கொடுத்த சீட்டுக்கும் உண்டியல் என்றுதான் பெயர். அப்புறம் திறைசேரி முறி. முறி என்றால் எழுதிக் கொடுத்த பத்திரம், துண்டு என்றும் பொருள். பிளந்த குச்சியைப் பற்றி மேலே எழுதும்போது இந்தச் சொல்தான் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. உங்கள் வகுப்பில் இந்த மூன்றையும் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள், பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

கேள்வி: செக்மேட் என்றால் 'ராஜா செத்தான்' என்று அர்த்தம் என்று எங்கள் கோச் சொன்னார். ஆனால் செஸ்ஸில் ராஜாவை வெட்டவே மாட்டோமே? (எட்டாம் வகுப்பு மாணவன், சென்னை)

ரொம்ப நல்ல கேள்வி தம்பி. கோச் சொன்னது பலரும் சொல்வதுதான், அரபியில் மாத்த என்றால் செத்தான் என்பதால் ஷா மாத் என்பதற்கு அப்படிப் பொருள் சொல்லும் வழக்கம் உண்டு. ஆனால் பாரசீகத்தில் மாத் என்றால் திகைத்து, போக வழியில்லாமல் நிற்பது. நீ பலகையில் பார்ப்பது இதைத்தான்: ராஜா உயிரோடுதான் இருக்கிறார், கால் வைக்க ஒரு கட்டம்கூட இல்லை, அவ்வளவுதான். இந்தியிலும் உருதுவிலும் தோல்விக்கு இன்றும் மாத் என்கிறார்கள்.

இன்னொரு விஷயம் சொல்கிறேன், உன் கோச்சிடம் போய்ச் சொல். ஷா என்பதன் பழைய வடிவம் பழைய பாரசீகத்தின் டேரியஸ் பேரரசர் பாறையில் வெட்டிய கல்வெட்டுகளில் இருக்கிறது, க்ஷாயதிய என்று. ஆளுவது என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. சமஸ்கிருதத்தில் அதே வேரில் பிறந்ததுதான் க்ஷத்திரியர் என்ற சொல். சதுரங்கம் என்பதை நிறையப் பேர் சதுரமான கட்டத்தை வைத்து வந்த பெயர் என்று நினைக்கிறார்கள், உண்மையில் அது படையின் நான்கு அங்கங்கள்: தேர், யானை, குதிரை, காலாள். அந்தப் படை இங்கேயிருந்து புறப்பட்டு, பாரசீகத்தில் ஒரு ராஜாவின் பெயரை வாங்கிக்கொண்டு, ஐரோப்பா முழுக்கச் சுற்றிவிட்டு செக் என்ற சொல்லோடு நம்மிடம் திரும்பி வந்தது. நீ கேட்டது சரி: வழியில் தேரும் யானையும் குதிரையும் எத்தனையோ முறை பலகையை விட்டு வெளியே போயிருக்கின்றன, ராஜாவை மட்டும் யாரும் கையில் எடுத்து வெளியே வைத்ததில்லை.